பலகாரம் சுடாத வீடு

கடற்கரை மணலில் ஒரு சின்ன ஜெபவீடு இருந்தது. மதலேனம்மா என்கிற துறவியும் அவரோடு நாலைந்து பெண்களும் அங்கே இருந்தார்கள். எஸ்கலின் கடைசியாக வந்து சேர்ந்தவள். மதலேனம்மாவைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

எஸ்கலினுக்குச் சர்க்கரை நோய். அவளைப் பெற்றவளுக்கு அதே நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் கட்டிலுக்கு அடியில் இரண்டு செருப்பும் கிடந்தன. அதை எஸ்கலின் மறக்கவில்லை.

அதனால் வாயில் எது போனாலும் போனில் போட்டுவிடுவாள். ஒரு இட்லிக்கு இவ்வளவு கலோரி, அரை ஆப்பத்துக்கு இவ்வளவு என்று அது காட்டும். சாயங்காலம் பார்க்கும்போது கணக்கு அளவைத் தாண்டியிருந்தால் ராத்திரி வெறும் மோர்தான்.

கிறிஸ்மஸ் வந்தது. அன்றிலிருந்து புது வருஷம் வரைக்கும் அந்தப் பெண்கள் குழந்தை இயேசு சொரூபத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஜெபம் சொல்ல வேண்டும். வைத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு எழ வேண்டும். தின்னாமல் எழுந்தால் அந்த வீட்டுக்காரிக்கு முகம் வாடிப்போகும்.

மதலேனம்மா முற்றத்தில் உட்கார்ந்து மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தார். எஸ்கலின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அம்மா, இந்த ஒரு வாரத்த நான் எப்படித் தாண்டுவேன்?”

“என்னத்த?”

“வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக்கு. ஒரு முந்திரிக்கொத்து எவ்வளவு தெரியுமா?”

“ஒரு எலுமிச்சங்கா அளவு இருக்கும்.”

“நான் கலோரியச் சொன்னேன்.”

“அது எனக்குத் தெரியாது. போன வருஷம் ஒரே வீட்டுல ஒம்பது தின்னேன். அந்த வீட்டுக்காரியே பயந்துட்டா.”

“விளையாடாதீங்க அம்மா. பண்டிகை முடியுற வரைக்கும் எண்ணுறதா, விட்டுடுறதா? அத மட்டும் சொல்லுங்க.”

மதலேனம்மா மீனைத் திருப்பிப் போட்டார்.

“உனக்குத் தின்ன வேண்டாத வீடு எதுவோ, அங்க போ.”

“அப்படி ஒரு வீடு இந்த ஊர்ல இருக்கா?”

“தேடிப் பாரு.”

எஸ்கலின் யோசித்தாள். யோசித்ததும் கிடைத்துவிட்டது.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். ஜெனோவாவின் வீடு அப்படிப்பட்டது. அவள் புருஷன் சூசைநாயகம் ஆடிக் காற்றில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பிள்ளை பிறந்தது.

எஸ்கலினுக்கு நிம்மதியாக இருந்தது. எதை நினைத்து நிம்மதிப்பட்டோம் என்று தோன்றியதும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சொரூபத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனாள்.

எஸ்கலின் டவுனில் வளர்ந்தவள். வழக்கத்தில் பாதிதான் அவளுக்குத் தெரியும். துக்க வீட்டில் சுட மாட்டார்கள் என்று தெரியும். அந்த வீட்டுக்கு ஊரே சுட்டுக் கொடுக்கும் என்பது தெரியாது.

கதவைத் தள்ளினாள். உள்ளே எங்கே பார்த்தாலும் தட்டு. கட்டிலில், ஸ்டூலில், சுருட்டி வைத்த வலையின்மேல். எல்லாவற்றையும் பேப்பர் போட்டு மூடியிருந்தார்கள். பேப்பருக்கு அடியில் எறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. எஸ்கலின் தன் வாழ்நாளில் ஒரே வீட்டில் அவ்வளவு பலகாரம் பார்த்ததில்லை.

ஜெனோவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை.

பால் இல்லாத மார்பைச் சப்பும் பிள்ளையின் அழுகை வேறு மாதிரி இருக்கும். முதலில் கோபப்பட்டு அழும். பிறகு கெஞ்சுகிற மாதிரி அழும். பிறகு சத்தம் தேய்ந்துபோகும். இந்தப் பிள்ளை அந்த மூன்றாவது அழுகையில் இருந்தது.

“நீங்களும் தட்டு கொண்டு வந்தீங்களாக்கா?”

“இல்ல பிள்ள. சொரூபந்தான்.”

“அப்ப இருங்க.”

பக்கத்து வீட்டு பிரஸ்கிலா ஒரு தட்டோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க. ஊர்க்காரங்க தட்டு கொண்டுவரத் தொடங்கினதுல இருந்து இவ தண்ணி மட்டுந்தான் குடிக்கா. பாலும் வத்திப் போச்சு. டப்பாப் பால் கரைச்சுக் குடுத்தா பிள்ள பாதிய கக்குது. தாய் தின்னாத்தான் பிள்ள தேறும்னு நர்சம்மா சொல்லிட்டா. பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, கடற்கரைய விட்டு வர மாட்டேங்கா.”

தட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எஸ்கலின் அதிலிருந்து ஒரு அச்சுமுறுக்கை எடுத்து ஜெனோவாவிடம் நீட்டினாள். ஜெனோவா கையைத் தட்டிவிட்டாள்.

“எனக்க மாப்பிள்ள செத்துட்டாருன்னு யாரு சொன்னா?”

எஸ்கலின் முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

“உடம்பு வந்துச்சா? யாராவது கண்டாங்களா? இது செத்த வீட்டுக்குக் குடுக்கிற பலகாரம். இத நான் தின்னா, அவரு செத்தாருன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி.”

“பிள்ளைக்கு என்ன பேரு?”

“அவரு வந்து வைக்கட்டும்.”

அவர் வருவார் என்று எஸ்கலினால் சொல்ல முடியவில்லை. வரமாட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. சொரூபத்தை ஜன்னலில் வைத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அடுப்புச் சாம்பல் ஈரமாகக் கிடந்தது. அள்ளிக் கொட்டிவிட்டுத் தீ மூட்டினாள். டின்னில் அரிசி இருந்தது. பூண்டை உரித்துப் போட்டுக் கஞ்சி வைத்தாள். மேலே தொங்கிய கருவாட்டில் ஒன்றை எடுத்துச் சுட்டாள்.

கஞ்சியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

“இது யாரும் கொண்டுவந்தது இல்ல. உனக்க அரிசி. உனக்க அடுப்பு.”

ஜெனோவா வெகுநேரம் அந்தச் சட்டியைப் பார்த்தாள்.

“நீங்க தின்னுவீங்களா?”

“நானா?”

“எல்லாரும் தட்ட வச்சிட்டு வாசலோட போயிடுதாங்க. ஒருத்தரும் இங்க உக்காந்து ஒரு வாய் தின்னல்ல. செத்த வீட்டுலதான் அப்படிச் செய்வாங்க. நீங்க இங்க இருந்து தின்னுங்க. தின்னா நானும் தின்னுதேன்.”

எஸ்கலினின் கை இடுப்பில் சொருகியிருந்த போனுக்குப் போனது. அன்றைக்கு உள்ள கணக்கு காலையிலேயே பாதி முடிந்திருந்தது.

பிள்ளை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

எஸ்கலின் ஒரு வாய் தின்றாள். ஜெனோவா ஒரு வாய் தின்றாள். எஸ்கலின் இன்னொரு வாய் தின்றாள். ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மூன்றாவது வாய் அவளுக்கு வெளியே வந்துவிட்டது. எஸ்கலின் தன் தலைப்பால் துடைத்தாள். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் முதலிலிருந்து.

விளக்கு வைக்கிற நேரத்தில்தான் எஸ்கலின் ஜெபவீட்டுக்குத் திரும்பினாள். மதலேனம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

“தின்ன வேண்டாத வீட்டுல முந்திரிக்கொத்து கிடைச்சுதா?”

“கிடந்துச்சு. எறும்பு தின்னுட்டு இருக்கு.”

“மாத்திர போட்டியா?”

“போட்டேன் அம்மா.”

“எவ்வளவு தின்ன?”

எஸ்கலின் போனை நீட்டினாள். மதலேனம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார். கஞ்சி, ஒரு வாய். கஞ்சி, ஒரு வாய். கஞ்சி, ஒரு வாய், கக்கியது. கருவாடு, நகம் அளவு. கஞ்சித் தண்ணி, அரை டம்ளர். கஞ்சி, ஒரு வாய்.

“கக்கினியா?”

“நான் இல்ல அம்மா. ஜெனோவா.”

மதலேனம்மா மறுபடியும் மேலேயிருந்து வாசித்தார்.

“உனக்குள்ளது எங்க?”

எஸ்கலின் போனை எட்டிப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“போட மறந்துட்டேன்.”

“பால்?”

“இன்னும் வரேல்ல.”

“பிள்ள?”

“சப்பிட்டே கிடக்கு.”

மதலேனம்மா போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“சார்ஜ் கொஞ்சந்தான் கிடக்கு. போட்டு வை. விடிஞ்சதும் போகணும்.”