பாதி வலியைக் கொண்டுபோன தேவாங்கு

அந்தக் காலத்தில், காட்டுப் பிராணிகள் மனிதரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், கரந்தமலை அடிவாரத்தில் பொம்மக்காள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் பெயர் சடையன். மலைச்சரிவில் அவர்களுக்கு ஒரு துண்டு தினைக்காடு இருந்தது. உழுவதும் விதைப்பதும் பன்றி வராமல் வேலி கட்டுவதும் சடையன் பாடு. கதிர் பிடித்த பிறகு பரண்மேல் ஏறி உட்கார்ந்து கவண் சுற்றிக் கிளி விரட்டுவது பொம்மக்காள் பாடு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் இருக்க வேண்டும். தொண்டை வறளக் கத்த வேண்டும்.

பொம்மக்காளுக்குத் தலைவலி வரும்.

ஊரில் எல்லோருக்கும் வருவது போன்றது அல்ல அது. முதலில் காரணமில்லாமல் கொட்டாவி வரும். பிறகு கண்ணோரத்தில் ஒரு வெளிச்சப் புழு நெளியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிப் பாதிக் காட்டைத் தின்றுவிடும். அது மறைந்ததும் பிடரியில் வலி தொடங்கும். அந்தக் காலத்தில் தலைவலி என்றால் தலை முழுக்கத்தான் வலிக்கும். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, நெற்றியிலிருந்து பிடரிவரை, உள்ளே யாரோ உலக்கை போடுவது போல இருக்கும். வெளிச்சம் பட்டால் கண்ணில் ஊசி ஏறும். அடுத்த குடிசையில் ஆமணக்கு எண்ணெய் காய்ச்சுகிற வாடை வந்தால் வயிறு புரட்டி வாந்தி வரும். பரண் ஏணியில் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கி, குடிசைக்குள் போய் விழுவாள். எழுந்து வரும்போது கிளிகள் காட்டில் ஒரு பக்கத்தை முடித்திருக்கும்.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் தேடினாள். வெறும் வயிற்றோடு இருந்தால் வலி வருகிறது என்று கண்டு, வறுத்த தினையை மடியில் கட்டிக்கொண்டு போனாள். கொட்டாவி வந்தவுடனே வெயிலை விட்டு இறங்கினாள். துணியை நனைத்துத் தலையில் இறுக்கிக் கட்டினாள். நொச்சி இலையைக் கசக்கி நெற்றியில் வைத்தாள். குடிசை மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு மண்குதிர் நின்றது. தானியம் தீர்ந்த மாதங்களில் அதற்குள் இறங்கி, வாயைச் சாக்கால் மூடிக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்து உட்கார்ந்திருப்பாள். உள்ளே வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. சில நாள் அது உதவியது. ஆனால் போன தடவை உதவியது இந்தத் தடவை உதவாது. எதைச் செய்தாலும், வர வேண்டிய நாளில் அது வந்தது. வராத நாட்களிலும் அவள் நிம்மதியாக இருந்ததில்லை. வானம் பளிச்சென்று இருந்தாலே பயந்தாள்.

சடையனின் தங்கை செவனம்மா பக்கத்துக் குடிசையில் இருந்தாள். பகலெல்லாம் படுத்துக் கிடந்த அண்ணி, சாயங்காலம் வலி விட்டதும் ஊற்றங்கரையில் சிரித்துப் பேசுவதை அவள் பார்த்தாள். காவலுக்குப் போகச் சொன்னால் வருகிற வலி, தண்ணீர் எடுக்கப் போனால் வருவதில்லையே என்று நாலு பேரிடம் சொன்னாள். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. பொம்மக்காளிடம் எடுத்துக் காட்ட ஒன்றுமே இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவருடைய வலியை இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியும். வாங்குகிறவர் வாய் திறந்து கேட்க வேண்டும். நெற்றியோடு நெற்றி வைக்க வேண்டும். முழுவதும் வந்து சேரும்வரை தலையை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான். பிள்ளைகளின் காய்ச்சலை அப்படித்தான் தாய்மார் வாங்கிக்கொண்டார்கள். முள் ஏறிய காலோடு உழ முடியாதவனின் வலியை வீட்டில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள்.

பொம்மக்காளின் தலைவலியைச் சடையன் ஒரு தடவை கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அவன் விழுந்துவிட்டால் ஏர் பிடிக்க ஆள் இல்லை என்று காரணம் சொன்னாள். சரி என்று அவன் எழுந்தபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதை அவள் பார்த்துவிட்டாள். அவள் அவனைக் குறை சொல்லவில்லை. அவனும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தத் தினைக்காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. இப்போது இருக்கிற தேவாங்கு மாதிரி அல்ல. குன்றிமணி அளவுக் கண்ணும் பெரிய வாயும் உள்ளது. உச்சி வெயிலில் மரத்தின் நுனிக்கிளையில் உட்கார்ந்து காய்வது அதற்குப் பிரியம். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு அது தாவுவதைக் கண்ணால் தொடர முடியாது. தினைத்தாளில் இருக்கிற வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னும். அதற்குப் பதிலாக, பொம்மக்காளோடு சேர்ந்து கிளி விரட்டும். அது கத்தினால் மலை முழுக்கக் கேட்கும். நாள் முழுக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். மனிதர்களிடம் சொல்லி அலுத்துப்போனதையெல்லாம் அவள் அதனிடம் சொன்னாள். அது ஒன்றாவது தன்னை நம்புகிறது என்று நினைத்திருந்தாள்.

அறுப்பு நெருங்கிய சமயம். கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய ஒரு காலையில் பொம்மக்காளுக்குக் கொட்டாவி வந்தது. புழுவும் வந்தது. அவள் பரணை விட்டு இறங்கி, வேலியோரத்து உசிலை மர நிழலில் கண்ணை மூடிக்கொண்டு சுருண்டாள். தேவாங்கு தனியாகக் கத்திப் பார்த்தது. ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் இறங்கின. கடைசியில் அலுத்துப்போய் அவளருகே வந்து உட்கார்ந்தது.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. ஒனக்கு நெசமாவே வலிக்குதா?"

பொம்மக்காள் கண்ணைத் திறக்கவில்லை. தேவாங்கு விடவில்லை. தான் எத்தனையோ தடவை மரத்திலிருந்து தலைகீழாக விழுந்திருப்பதாகவும், மண்டையில் அடிபட்டும் எழுந்து போய் வெட்டுக்கிளி பிடித்ததாகவும் சொன்னது. ஊரில் பேசிக்கொள்வதில் ஏதாவது உண்மை இருக்குமோ என்று தனக்கும் தோன்றுவதாகச் சொன்னது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"அதை எங்கிட்டக் குடு. ஒரு நாள் வச்சிருந்து பாக்குறேன். எவ்வளவுதான் வலிச்சிரும்?" என்று கேட்டது.

கேட்டுவிட்டது. வாய் திறந்து கேட்டால் கொடுக்கலாம். பொம்மக்காள் கஷ்டப்பட்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். எலுமிச்சங்காய் அளவுதான் இருந்தது அதன் தலை. இதற்குத் தாங்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சடையனுக்கே வேண்டாம் என்று சொன்னவள்தான் அவள். ஆனால் அன்று அவளுக்கு வலியைவிட அந்தக் கேள்வி அதிகமாக வலித்தது. ஒருவராவது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தாள்.

"வாங்கிக்க. பாதியில விட்டுராத" என்றாள்.

தேவாங்கு மடியில் ஏறி நெற்றியை வைத்தது. வலி நகர ஆரம்பித்தது. முதலில் வலது பக்கம் காலியானது. குழைந்த மண்ணிலிருந்து நீர் வடிவதைப் போல, காதோரத்திலிருந்து, புருவத்திலிருந்து, கண்ணுக்குப் பின்னாலிருந்து வலி வடிந்தது. வலது கண்ணால் அவள் உசிலை இலையைப் பார்த்தாள். அதன் நரம்பு தெரிந்தது. இலைக்குப் பின்னால் இருந்த ஆகாயம் தெரிந்தது. வலி வந்த நாளில் அவள் ஆகாயத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

தேவாங்கு நடுங்கத் தொடங்கியது. இரண்டு கைகளாலும் அவள் மார்பில் ஊன்றித் தள்ளியது. அதன் கண்கள் உள்ளிருந்து யாரோ தள்ளுவதைப் போலப் பெரிதாகிக்கொண்டே வந்தன. அந்த நேரத்தில் பொம்மக்காள் தலையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம் போனால் எல்லாம் போய்விடும் என்று, அதன் பிடரியில் கை வைத்துத் தன் நெற்றியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தேவாங்கு அவள் மணிக்கட்டைக் கடித்தது. கை தளர்ந்ததும் தலையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது.

வலி நடுவில் கிழிந்தது. கிழிந்ததை இரண்டு பேருமே உணர்ந்தார்கள்.

தேவாங்கு தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டது. பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. மெல்லிய சீழ்க்கை மாதிரி ஒன்று வந்ததே தவிர, சொல் வரவில்லை. தன் குரலே தன் தலைக்குள் இடித்ததோ என்னவோ, உடனே வாயை மூடிக்கொண்டது. மரத்தில் ஏறியது. ஒரு கையை எடுத்து வைத்து, நின்று, ஒரு காலை எடுத்து வைத்து, தலை அசையாமல், கிளை அசையாமல் ஏறியது. ஏணியில் இறங்கும்போது தான் வைக்கிற அடி அது என்று பொம்மக்காளுக்குத் தெரிந்தது. அவள் கூப்பிட்டாள். அது திரும்பவில்லை.

பாதி போய்விட்டால் பாதிதான் வலிக்கும் என்று அவள் நினைத்தாள். அப்படி இல்லை. இடது பக்கத்தில் தங்கிய வலி, முழுசாக இருந்தபோது வலித்த அளவுக்கே வலித்தது. கிழிந்த ஓரம் நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்தது. வலது பக்கம் தெளிவாக இருந்ததால், இடது பக்கத்தில் நடப்பது ஒவ்வொன்றும் நன்றாகத் தெரிந்தது. மரத்தடியிலேயே வாந்தி எடுத்துவிட்டு, தவழ்ந்து குடிசைக்குப் போனாள். அந்த வருஷத் தினையில் பெரும்பங்கு கிளிக்குப் போனது.

எழுந்து நடமாட முடிந்ததும் அவள் தேவாங்கைத் தேடிக் காட்டுக்குப் போனாள். பார்த்த இடமெல்லாம் நுனிக்கிளைகள் காலியாக இருந்தன. கடைசியில் வெயில் புகாத ஒரு சங்கம்புதருக்குள், கிளைகள் பின்னிக்கிடந்த இடத்தில் அதைக் கண்டாள். முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்து, பந்து மாதிரி சுருண்டிருந்தது. அப்படி உட்கார அவள் அதற்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தம்பி, திருப்பிக் குடுத்துரு. ரெண்டையும் நானே வச்சுக்கிறேன்."

தேவாங்கு தலையைத் தூக்கியது. முகத்தில் பாதிக்குக் கண்ணாக இருந்தது. தூக்கமில்லாதவர்களுக்கு வருவது போலக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. அது கோபப்படவில்லை. கிளையிலிருந்து மெதுவாகக் குனிந்து, தன் நெற்றியை அவள் நெற்றியில் வைத்தது. இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். எதுவும் நகரவில்லை. கிழிந்த ஓரங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. ஏதோ ஒரு வண்டு ரீங்காரமிட்டுக்கொண்டு போனபோது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் சுருங்கியது. தேவாங்கு கையை எடுத்து மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டது.

அவளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று இப்போது ஒரு உயிருக்குத் தெரியும். அதைப் போய் ஊரில் சொல்ல அதற்கு வாய் இல்லை. பொம்மக்காள் புதருக்கு வெளியே உட்கார்ந்து அழுதாள். அழுதால் வலி வரும் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் சடையனிடம் சொன்னாள். தேவாங்கின் பிடரியை அழுத்திப் பிடித்ததையும் மறைக்கவில்லை. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த தடவை அவளுக்குப் புழு வந்தபோது, ஏரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"எங்கிட்டக் குடுத்துரு புள்ள. இந்தத் தடவ நான் மனசோட கேக்குறேன்" என்றான்.

அது அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் நெற்றியை வைத்தான். இரண்டு கைகளாலும் அவள் முகத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் வேர்வை அவள் கன்னத்தில் வழிந்தது. ஒன்றும் வரவில்லை. நெற்றியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். மறுபடியும் வாய்விட்டுக் கேட்டான். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

இது அவள் ஒருத்தியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சில நாள் கழித்துச் செவனம்மாவின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வழக்கம்போல அவள் நெற்றியோடு நெற்றி வைத்துக் கேட்டாள். காய்ச்சல் குழந்தையை விட்டு வரவில்லை. கேட்டுக் கேட்டுக் குரல் போய்விட்டது. ஈரத்துணி போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கிய பிறகு செவனம்மா பொம்மக்காளின் வாசலுக்கு வந்து நின்றாள். நடந்ததை அண்ணன் சொல்லிக் கேள்விப்பட்டு, திட்டத்தான் வந்தாள். உள்ளே குதிருக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டதும், திட்டாமலே திரும்பிப் போனாள். ஒரு தடவை கிழிந்த பிறகு எந்த வலியும் யாரையும் விட்டு நகர்வதில்லை என்று ஊர் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டது.

பொம்மக்காள் நீண்ட காலம் உயிரோடு இருந்தாள். வலியும் இருந்தது. மிஞ்சிய அந்தப் பாதி இடம் மாறி, சில சமயம் இடது பக்கம் வந்தது, சில சமயம் வலது பக்கம் வந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து வந்ததில்லை. கொட்டாவி வந்ததும் சடையன் சன்னலைச் சாக்கால் மூடுவான். துணியை நனைத்து அவள் தலையில் இறுக்கிக் கட்டுவான். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து காக்கையையும் கோழியையும் சத்தமில்லாமல் கை வீசி விரட்டுவான். உள்ளே அவள் என்ன பாடு படுகிறாள் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று முதல்தான் தேவாங்கு பகலெல்லாம் முகத்தை மூடிச் சுருண்டு கிடக்கிறது, இருட்டிய பிறகும் தலை அசையாமல் அடி வைக்கிறது. மனிதருக்குத் தலையில் ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எவ்வளவு பிரியமாக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டு வெளியேதான் உட்கார வேண்டியிருக்கிறது.