லாசருக்கு வரைந்த மாஸ்க்

சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்து நான்கு.

சீடர் பெயர் சந்தியாகு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சேந்தன்துறையில் முப்பது வருஷம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு ஸ்டுடியோவைப் பூட்டினார். குரு பெயர் கொரற்றி. நாலு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கிற கேமராவால் பழைய கட்டடங்களைப் படம் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் கல் கல்லாக அவற்றை மறுபடி எழுப்பித் தருவது அவள் தொழில். சந்தியாகு தானாகத் தேடிப் போய், எனக்கும் கற்றுக்கொடு என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். அவர் அவளை டீச்சர் என்றார்.

முதல் நாள் அவர் கையில் கேமரா மாட்டிய கம்பைக் கொடுத்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிவரச் சொன்னாள். சுற்றி வந்தார். எடுத்ததில் ஒரு படத்தைத் திரையில் போட்டாள். உருண்டையை உரித்து விரித்த மாதிரி நீளமாக இருந்தது. அதன் அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, கறுப்பும் நரையுமாக ஏதோ கொட்டிக் கிடந்தது.

“இது என்ன டீச்சர்?”

“உங்க தலை.”

கேமராவுக்கு நேர் கீழே எது இருக்கிறதோ, அதுதான் இந்தப் படத்தில் அகலம் என்று விளக்கினாள். வெள்ளையாக விட்ட இடத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கறுப்புப் பூசிய இடத்தைப் பார்க்காது. அப்படிப் பூசி வைப்பதற்குத்தான் மாஸ்க் என்று பெயர்.

“முதல் கறுப்பு தூக்குறவருக்கு. அப்புறந்தான் மத்தவங்களுக்கு.”

சந்தியாகு தன் தலைமேல் கறுப்பைப் பூசினார். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மாதா கோவிலின் வடக்குச் சுவரில் விரிசல் விட்டது அந்த வருஷம்தான். வந்து பார்த்த இன்ஜினியர், விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முழுசாகத் தெரிந்தால் கம்பி கொடுத்துக் கட்டிவிடலாம், தெரியாவிட்டால் இடிப்பதைத் தவிர வழியில்லை என்றார். அந்தச் சுவர் ஓரத்துத் தொட்டியில்தான் சந்தியாகுவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். கொரற்றி இந்த வேலையை அவரிடமே விட்டாள். அவர் ஒரு காலை முழுவதும் கோவிலுக்குள் கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மறுநாளே சுவருக்கு முட்டுக் கொடுத்துச் சாக்கு கட்டி மூடிவிட்டார்கள். இனி எடுக்க முடியாது. எடுத்ததுதான்.

எடுத்ததில் லாசர் இருந்தான்.

ஒன்றிரண்டில் இல்லை. வடக்குச் சுவரோரம் எடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு படத்திலும் இருந்தான்.

லாசர் அந்தக் கோவிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பவன், கதவு திறப்பவன். சந்தியாகு அவனிடம் பேசி இருபத்தாறு வருஷம் ஆகிறது. கோவிலின் நூற்றாண்டு விழாவுக்கு ஊரையே வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தவர் சந்தியாகு. உயரம் பார்த்து, வெயில் பார்த்து, அழுத குழந்தைக்கு மிட்டாய் கொடுத்து, எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டு, நான் ஓடிப்போய் ஓரத்தில் நின்றதும் அமுக்கு என்று லாசரிடம் சொன்னார். அவன் அமுக்கினான். கழுவிப் பார்த்தால் சந்தியாகுவின் ஒரு கையும் அரைச் சட்டையும் இருந்தன. மீதி ஆள் இல்லை. அந்தப் படம் இன்றைக்கும் கோவில் வாசலுக்கு மேலே தொங்குகிறது. கேட்டதற்கு லாசர், அதான் கை வந்திருக்கே மாப்பிள்ளை என்று சிரித்தான். சிரித்ததைத்தான் சந்தியாகுவால் விட முடியவில்லை. இடையில் அவர் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. லாசர் வீட்டில் ஒரு சாவு விழுந்தது. இவர் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை.

இதையெல்லாம் அவர் கொரற்றியிடம் அரைமணி நேரம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “ஓரத்துல போய் நின்னது யாரு அண்ணாச்சி?” என்றாள். அவள்மேலும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் வந்தது.

“வேணும்னே எல்லாப் படத்துலயும் மூஞ்சியைக் காட்டியிருக்கான் டீச்சர். ஓரத்தை வெட்டி எறிஞ்சிரலாமா?”

“எந்த ஓரத்தை?”

அவர் திரையைப் பார்த்தார். வலது கோடியில் பாதி விட்ட தூண் இடது கோடியில் தொடர்ந்தது. சுற்றி வருகிற படத்துக்கு ஓரம் கிடையாது.

சரி, கறுப்புதான் என்று உட்கார்ந்தார். லாசர் நிற்கிற இடத்தில் கதவளவுக்குக் கறுப்பாக ஒரு கட்டம் போட்டார். அடுத்த படத்தில் அடுத்த கட்டம். பெட்டிக்கு மூடி அறைகிற மாதிரி, கை சலிக்காமல் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

கம்ப்யூட்டர் ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டு கோவிலைக் கட்டியது. காலையில் பார்த்தார்கள். தூண் வந்திருந்தது, பீடம் வந்திருந்தது. வடக்குச் சுவரின் நடுவில் பெரிய ஓட்டை. கூரையிலிருந்து இறங்கிய விரிசல் ஓட்டைக்குள் போய், தரைக்குப் பக்கத்தில் வெளியே வந்தது.

கொரற்றி கோபப்படவில்லை.

“இந்த இடத்துல யாரு நின்னா?”

“லாசர்.”

“லாசர் எவ்வளவு அகலம்?”

சந்தியாகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் திரையில் ஓட்டையை அளந்தாள். பதினோரு அடி.

அவர் கையைக் கீழே போட்டார்.

“வியாழக்கிழமை இன்ஜினியர் கேப்பாரு. ஆளை ஒட்டி வரைங்க அண்ணாச்சி. சுவருல ஒரு விரல் கூடப் போகக்கூடாது.”

மறுபடி உட்கார்ந்தார். இந்தத் தடவை கட்டம் போட முடியாது. படத்தைப் பெரிதாக்கி, லாசரின் தலையிலிருந்து தொடங்கிக் கோடு இழுக்க வேண்டியிருந்தது. காதோரம் மயிர் நரைத்திருந்தது. காலர் நைந்திருந்தது. கழுத்து, தோள், முழங்கை, விரல் விரலாக. ஒரு விரலைத் தவறவிட்டால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் முப்பது படம்கூட ஆகவில்லை. கல்யாணம் பண்ணின பெண்சாதியைக்கூட அவர் இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள், அவனுடைய இடது குதிகால் எந்தப் படத்திலும் தரையில் படவில்லை என்பதைக் கண்டார். எப்போதிருந்து நொண்டுகிறான் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

கையைத்தான் வரைய நேரம் பிடித்தது. கை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு வேலையில் இருந்தது. நாற்பதாவது படத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்திருந்தது. நாற்பத்து மூன்றில் பெஞ்சு தள்ளிப் போயிருந்தது. எண்பத்தெட்டில் மணிக் கயிறை ஒதுக்கிப் பிடித்திருந்தது. நூற்றுப் பதினேழில் படிக்கட்டுக்கு முன்னால், விழப்போகிறவரைத் தாங்குகிற மாதிரி நீண்டிருந்தது.

படம் எடுத்த அன்றைக்குச் சந்தியாகு கம்பின் நுனியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். எங்கேயும் இடறவில்லை. தன் நடைமேல் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

புதன்கிழமை கடைசிப் படங்களில் முகத்தைச் சுற்றிக் கோடு போகும்போது இன்னொன்று தெரிந்தது. லாசர் ஒரு படத்திலும் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பார்த்தான். எந்த இடத்தைப் பார்க்கிறான் என்று சந்தியாகு விரலை வைத்துக்கொண்டே போனார். விரல், படத்தின் அடியில் அவர் தன் தலைக்கு முதலில் பூசி வைத்திருந்த கறுப்பில் போய் நின்றது.

வியாழக்கிழமை சுவர் முழுசாக வந்தது. விரிசல் கூரையிலிருந்து தரைவரை விட்டுப்போகாமல் ஓடியது. இன்ஜினியர் பார்த்துவிட்டு, கம்பி போதும், இடிக்க வேண்டாம் என்று போனில் சொன்னார். சுவரில் லாசர் நின்ற அடையாளமே இல்லை.

கொரற்றி கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். சந்தியாகு எழுந்திருக்கவில்லை.

“டீச்சர், சுவரு வேண்டாம், ஆள் மட்டும் வேணும்னா என்ன செய்யணும்?”

“எதுக்கு?”

“சும்மா கேட்டேன்.”

அவள் நூற்றுப் பதினேழாவது படத்தில் லாசருக்கு வரைந்த மாஸ்க்கை மட்டும் எடுத்து, ஒரு பட்டனைத் தட்டினாள். கறுப்பு வெள்ளையானது, வெள்ளை கறுப்பானது. பிறகு அதைப் படத்தின்மேல் வைத்தாள். சுவர் இல்லை, பெஞ்சு இல்லை, பீடம் இல்லை. லாசர் மட்டும் ஒரு கையை நீட்டிக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

சந்தியாகு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் இதுக்காக வரையலையே டீச்சர்.”

“கோடு அதேதான் அண்ணாச்சி,” என்றாள் கொரற்றி. “எந்தப் பக்கம் கறுப்புன்னு மட்டும் சொல்லுங்க.”