பானை காலியாகட்டும்

"தாயே, நாடே துக்கத்துல கிடக்கு. இப்பப் போய் ராஜாவைக் கேள்வி கேட்கிற பாட்டைப் பாடலாமா, கூடாதா?"

சித்திரவேலு வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

தையல்நாயகி அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பானை காலியாகட்டும் அண்ணே, சொல்றேன்."

தையல்நாயகிதான் குரு. சித்திரவேலு சீடர். குருவுக்குத் தலையில் ஒரு நரைகூட இல்லை. சீடருக்கோ மீசைவரை வெளுத்துவிட்டது. குரு சீடரை அண்ணே என்பாள், சீடர் குருவைத் தாயே என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வந்ததில்லை.

பாட்டுக் கற்றுக்கொள்ள அவர் அவளிடம் வரவில்லை. பாட்டு அவருக்குத் தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும். வாயை மூடக் கற்றுக்கொள்ளத்தான் வந்தார். இத்தனை வருஷமாகியும் அந்த ஒன்றுதான் கைகூடவில்லை, பாவம்.

திருவிழாவன்று ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்திருந்தது. நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் ஜனங்கள் வந்திருந்தார்கள். அதனால் இழவும் எல்லாத் திசைக்கும் போனது. அரண்மனைக் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. துக்கம் கழியும்வரை யாரும் பாடக்கூடாது, கொட்டக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள்.

அதே தண்டோராவில் இன்னொன்றும் சொன்னார்கள். புதுப் பாலத்தையும் பழைய ஒப்பந்தக்காரனே கட்டுவான்.

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்!

அந்தப் பாலம் விழும் என்று சித்திரவேலு முன்பே பாட்டுக் கட்டியிருந்தார். நாடு முழுக்க அந்தப் பாட்டுத்தான். களையெடுக்கிறவர்கள் பாடினார்கள். சுமை தூக்குகிறவர்கள் பாடினார்கள்.

*முந்தி வெச்ச தேக்கு எங்கே? முருங்கைக் கட்டை வந்ததெங்கே?*
*தொந்தியிலே தாளம் போட்டுத் தூங்குறாரு காவக்காரு!*

பாலம்தான் விழுந்துவிட்டதே, இனிப் பாட்டு எதற்கு என்றால், நாளைக்கு ராஜா ஆற்றங்கரைக்கு வருகிறார். செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க. நாடே அங்கே கூடி நிற்கும்.

"நாளைக்குப் பாடலைன்னா மறுபடியும் முருங்கைக் கட்டையிலதான் பாலம் கட்டுவான். பாடுனா, பிள்ளையைப் பறிகொடுத்தவன் முன்னால நின்னு 'நான் அப்பவே சொன்னேன் பார்'னு பீத்திக்கிற மாதிரி ஆயிடும். ரெண்டு நாளா சோறு இறங்கல தாயே. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்."

தையல்நாயகி பானையை இறக்கினாள். பழந்துணியைச் சும்மாடாகச் சுற்றி அவர் தலையில் வைத்தாள். பானையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"இழவு வீட்டுல அடுப்பு எரியாது. வாங்க, போய் ஊத்திட்டு வருவோம்."

"என் கேள்வி?"

"அது ஆறாது. கஞ்சிதான் ஆறிடும்."

முதல் வீட்டில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகளும் மருமகனும் போய்விட்டார்கள். தையல்நாயகி ஊற்றிய கஞ்சியைக் கையில் வாங்கியவர், சித்திரவேலுவின் முகத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார்.

"பாட்டுக்காரனா?"

"ஆமாங்கய்யா."

"உன் பாட்டும் வேணாம், எவன் பாட்டும் வேணாம். எனக்கு ஒரு சத்தமும் கேக்கக்கூடாது. போய்யா."

சித்திரவேலு தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். தையல்நாயகி மட்டும் பெரியவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த வீட்டில் தம்பியை இழந்த ஒருவன். கஞ்சியைக் கவனிக்கவே இல்லை. பாட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்குப் பாடணும்யா! அந்த ஒப்பந்தக்காரன் நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகிற மாதிரி பாடணும். நீ பாடலைன்னா எவன்யா பாடுவான்?"

தெருவுக்கு வந்ததும் சித்திரவேலு பானையோடு நின்றுவிட்டார்.

"ஒருத்தர் வேணாங்கிறாரு. ஒருத்தர் பாடித்தான் ஆகணும்ங்கிறாரு. ரெண்டு பேரும் அடிபட்டவங்க. நான் யார் பேச்சைக் கேக்கிறது?"

தையல்நாயகி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கஞ்சி இருக்கே அண்ணே."

அவள் எந்தச் சந்துக்குள் திரும்புகிறாள் என்று பார்த்ததும் சித்திரவேலு முன்னால் போய் வழியை மறித்தார்.

"அந்த வீடு மட்டும் வேணாம் தாயே. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

அது அய்யாக்கண்ணுவின் வீடு. பாலத்துக் காவல்காரர் அய்யாக்கண்ணு. நாடு முழுக்கச் சிரிக்கச் சிரிக்கப் பாடிய தொந்தி அவருடையதுதான்.

பாலம் விழுந்த அன்று அவர் ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் கரையேறினார்கள். கடைசியில் கயிறு அறுந்தது. அவரை ஆறு கொண்டுபோனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"தூங்குறாருன்னு பாடினேனே தாயே, அந்த மனுஷனைப் போய்! அவர் பொண்டாட்டி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"பானையை ஆட்டாதீங்க, சிந்திடும்" என்று சொல்லிவிட்டுத் தையல்நாயகி முன்னால் நடந்தாள்.

அய்யாக்கண்ணுவின் மனைவி பவளாயி வாசலுக்கு வந்தாள். யார் என்று பார்த்தாள். உள்ளே போய்க் கும்பா எடுத்துவந்து உட்கார்ந்தாள். தையல்நாயகி ஊற்றினாள். பவளாயி குடித்தாள். நல்ல பசி போலிருக்கிறது, இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தாள்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கதானே அந்தத் தொந்திப் பாட்டுக்காரரு?"

அவ்வளவுதான். சித்திரவேலு தடால் என்று தரையில் விழுந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி. என்னை மன்னிச்சிடு."

"அட, எந்திரிங்க. பெரிய மனுஷன் இப்படியா விழுறது!"

அவர் எழவில்லை. பவளாயி அவருடைய முதுகைப் பார்த்தே பேசினாள்.

"மொதல்ல அவருக்குக் கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம். 'அந்தப் பாட்டுக்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும், காலை ஒடிக்கிறேன் பார்'னு குதிச்சாரு. சந்தைக்குப் போனா எல்லாரும் அவர் வயித்தைப் பாத்துச் சிரிக்கிறாங்களாம். சிரிச்சா என்ன, இருக்கிறதைத்தானே சொல்றாங்கன்னேன். அதுக்கு என்கிட்டயும் பேசலை."

தையல்நாயகி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அப்புறம் என்ன தோணுச்சோ, ஒரு நாள் பாலத்துக்கு அடியில இறங்கிப் பாத்திருக்காரு. கையால அழுத்துனா கட்டை மாவா உதிர்ந்துச்சாம். 'அந்தப் பய பொய் பாடலடி'ன்னு வந்து உட்கார்ந்தாரு. நேரா அரண்மனைக்குப் போனாரு. வாசல்லயே துரத்திட்டாங்க. மறுபடி போனாரு. வேலை போயிடும்யான்னு நான் அழுதேன். 'ஊரே பாடுது, நான் வாயைத் திறந்து பேசினா என்னடி'ன்னாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுஷன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பாத்ததில்லைங்க."

சித்திரவேலு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"திருவிழாவுக்குக் கயித்தோட ஏன் போனாருன்னு நினைக்கிறீங்க? ஆடிக்கிட்டிருக்கிற பாலத்துல அத்தனை கூட்டம் ஏறப்போகுதுன்னு தெரிஞ்சுதான் போனாரு. விடிஞ்சதுல இருந்து கரையிலேயே நின்னாரு. அந்தக் கயித்தைப் பிடிச்சு ஏறுனவங்க எல்லாம் வந்து என்னைக் கும்பிட்டுட்டுப் போறாங்க. என்னை எதுக்குக் கும்பிடணும்? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

பவளாயி அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

சித்திரவேலுவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. இவ்வளவு பெரிய மன்னிப்பை அவர் எதிர்பார்த்து வரவில்லை. மன்னிப்பு மட்டுமா, நன்றி வேறு.  பதிலுக்குத் தன்னிடம் இருந்த ஒன்றைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

"தாயி, அந்தப் பாட்டை நாளைக்கு ராஜா முன்னால பாடலாமா வேணாமான்னு தெரியாமத்தான் அலையுறேன். பாடுனாலும் சரி, இனிமே எப்பப் பாடுனாலும் சரி, அந்தத் தொந்தி வரியை எடுத்துடுறேன். சத்தியமா."

பவளாயி கையை இறக்கினாள்.

"எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடுறேன்."

"எங்க, எடுத்துப் பாருங்க!"

சித்திரவேலு எழுந்து உட்கார்ந்தார்.

"உடம்புதான் கிடைக்கலை. தூக்கி வைக்கவும் ஒண்ணும் இல்லை, புதைக்கவும் ஒண்ணும் இல்லை. அவர் தொந்தி அந்தப் பாட்டுல மட்டும்தான்யா இருக்கு. அதையும் எடுத்துட்டா அந்த மனுஷனை நான் எங்க போய்ப் பாக்கிறது?"



சித்திரவேலு குருவைப் பார்த்தார்.

தையல்நாயகி பானையைச் சாய்த்து, அடியில் இருந்த கடைசிக் கஞ்சியைப் பவளாயியின் கும்பாவில் வடித்தாள். முந்தானையால் பானையைத் துடைத்தாள். எழுந்து போய், சத்தமே வேண்டாம் என்ற பெரியவரின் வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னலைச் சாத்தினாள். கதவையும் சாத்தினாள்.

வந்து உட்கார்ந்து, "காலியாயிடுச்சு அண்ணே, கேக்கிறவங்களுக்குப் பாடுங்க" என்று பானையைப் பவளாயியின் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

பவளாயி பானையைப் பார்த்தாள். பாட்டுக்காரரைப் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பானையின் முதுகில் தாளம் தட்டத் தொடங்கினாள்.

சித்திரவேலு தொண்டையைச் செருமினார்.  இழவு வீட்டுக்குத் தகுந்த மாதிரி மெல்ல, இழுத்து இழுத்துத் தொடங்கினார்.

"முந்தி... வெச்ச... தேக்கு எங்கே..."

பவளாயியின் கை நின்றது.

"இதென்ன, இப்படி இழுக்கிறீங்க? அவருக்கு வேகமாப் பாடுனாத்தான் பிடிக்கும்."