ஐந்தாவது நகம்

அந்தக் காலத்தில் புழு பூச்சிகளும் பேசின. பொய் சொல்ல மட்டும் தெரியாது. சீனப் பேரரசருக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. பூச்சியின் சாட்சி இல்லாமல் யார் தலையையும் எடுப்பதில்லை என்று அவரே சட்டம் போட்டிருந்தார்.

அரண்மனைத் தறியில் சூயின் பட்டுக் கம்பளம் நெய்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் முசுக்கொட்டை இலையைத் தின்றபடி ஒரு பட்டுப்புழு ஓயாமல் பேசும். கம்பளம் பேரரசரின் தம்பிக்கு. பேரரசருக்கு நெய்யும் டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம், தம்பிக்கு நெய்வதற்கு நான்குதான். ஒன்று கூடினால் அரியணைக்கு ஆசை என்று பொருள். சூயினின் விரல்களோ பேரரசருக்கே நெய்து பழகியவை.

“அக்கா, அது ஐந்தாவது” என்றது புழு.

அவள் நகங்களை எண்ணிப் பார்த்தாள். அந்த முடிச்சுகளைப் பிரித்து, அதே இடத்தில் ஒரு மேகத்தை நெய்தாள்.

“வாயாடி, சொல்லிவிடுவாயா?”

“நானாகச் சொல்ல மாட்டேன். கேட்டால் என்ன செய்வது?”

அவள் அதைச் சந்தேகமாகப் பார்த்தாள். வழக்கத்தைவிட அதிகமாக இலை போட்டாள்.

“இதெல்லாம் எதற்கென்று தெரிகிறது” என்று சொல்லிவிட்டு அது தின்றது.

பேரரசர் வந்தார். கம்பளத்தைத் தடவிய கை ஓரிடத்தில் நின்றது.

“இந்த மேகம் ஏன் மேடாக இருக்கிறது?”

“புதுப் பட்டு, பேரரசே.”

“என் தம்பி இங்கே வந்தானா? இதற்கடியில் என்ன இருந்தது?” அவள் வாய் திறப்பதற்குள் கையமர்த்தினார். “உன்னைப் போய்க் கேட்கிறேனே. புழு எங்கே?”

புழு தலை தூக்கவில்லை. அதன் வாயிலிருந்து நூல் வந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் நூலாக இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பார்த்திருக்கவே கூடு மூடிக்கொண்டது.

“இருக்கட்டும். வெளியே வந்துதானே ஆக வேண்டும்?”

கூட்டுக்கு ஒரு காவலனைப் போட்டார். அவனைக் கவனிக்க இன்னொருவனை. சூயினைத் தறியோடு கட்டினார்கள்.

ஒரு காலையில் கூடு நனைந்து திறந்தது. வெள்ளைச் சிறகோடு பூச்சி வந்தது.

“சொல்” என்றார் பேரரசர்.

அது பேசவில்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வாய் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

“இதிலும் ஏதோ இருக்கிறது” என்று முணுமுணுத்துக் காலிக் கூட்டை உதறினார். உள்ளே பார்த்தார். பிறகு சூயினின் கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்.

சூயின் ஓர் இளந்தளிரை நீட்டினாள். பூச்சி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. தின்ன முடியவில்லை.

அன்று முதல்தான் பட்டுப்புழு தன் ஆயுளுக்கான இலை முழுவதையும் முன்னதாகவே தின்று முடிக்கிறது. கூட்டைவிட்டு வருகிற பூச்சி பசியாற வாயில்லாமல் வருகிறது.