கப்பி சொன்னது

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு யாப்பும் அணியும் சொல்லிக்கொடுத்த புலவர் பூங்கோதைக்கு முப்பத்தெட்டு. ஆனாலும் அந்த அம்மாள் முன்னால் மாசிலாமணி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அன்று உச்சிவேளையில் ஒரு தாளோடு வந்து நின்றார்.

“தம்பி செத்து நாளையோட வருஷம் திரும்புது அம்மா. சமாதியில கல்லு வைக்கிறோம். அதுல வெட்ட நாலு வரி கேட்டா அவன் பொண்டாட்டி. கடைசி வரிதான் நிக்க மாட்டேங்குது.”

புலவர் வாங்கிப் படித்தார்.

“‘கிணறும் அழுதது’ன்னு போட்டிருக்கீங்க.”

“தற்குறிப்பேற்ற அணி. நீங்க சொன்னதுதான்.”

“என்ன சொன்னேன்?”

“தானா நடக்கிற ஒண்ணு மேல கவிஞன் தன் நெனப்பை ஏத்திச் சொல்றது. தென்னங்கீத்து காத்துல ஆடும். கையாட்டிக் கூப்பிடுதும்பான் கவிஞன்.”

“சரி. அன்னிக்கு அந்தக் கிணத்துல தானா நடந்தது என்ன?”

மாசிலாமணிக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஊருக்கே தெரியுமே! தவறி விழுந்தான். நான் பக்கத்துத் தோட்டத்துலதான் நின்னேன். சத்தம் கேட்டுச்சு. தண்ணி சேந்துறான், கப்பி கிறீச்சிடுதுன்னு நெனச்சேன். போலீசுலயும் அதான் சொன்னேன். அவன் பொண்டாட்டிகிட்டயும் அதான் சொன்னேன். இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லணும்?”

“ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருந்துதா?”

“வரப்புத் தகராறு. ஒரு மாசமா இல்ல. அதுக்கும் பாட்டுக்கும் என்ன அம்மா சம்பந்தம்?”

புலவர் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார்.

“ஒரு வாளி தண்ணி சேந்திட்டு வாங்க. சேந்தும்போது கப்பி என்ன சொல்லுதோ, அதையே கடைசி வரியா வச்சுக்கலாம்.”

மாசிலாமணி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெயிலில் ஒரு இலை அசையவில்லை. காக்கைகூட இல்லை. வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத் தொப்பென்று இன்னொரு சத்தம். கயிற்றை விட்டுவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தார். உள்ளங்கை இரண்டும் கறுப்பாய்ப் பிசுபிசுத்தன. வேட்டியில் துடைத்தார். போகவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.

“என்ன சொல்லுச்சு?”

“‘அண்ணே’ங்குது அம்மா.” அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. “இழுக்க இழுக்க ‘அண்ணே, அண்ணே’ங்குது. அச்சு அசல் அவன் குரல்.”

புலவர் தாளை மடித்தார்.

மாசிலாமணி ஓரடி முன்னால் வந்தார். “பழைய கப்பிதானே அம்மா? கிறீச்சிட்டா எல்லாக் கப்பியும் அப்படித்தான் கேக்கும். இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

புலவர் மடித்த தாளை அவரிடமே நீட்டினார்.

“காலையிலதான் அதுக்கு எண்ணெய் விட்டேன். சத்தமே வராது.”