பூரியும் பெரிய டயரும்

"அம்மா, டயர் சின்னதா இருக்கு," என்றார் சுயம்பு.

பாக்கியத்தம்மா அடுப்படியில் பூரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த டயர், அண்ணாச்சி?"

"நம்ம பிக்கப் வண்டி டயர்தாம்மா. நாலும்."

தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்த சிறிய மடம் அது. பாக்கியத்தம்மா குரு; சுயம்பு சீடர். குருவைவிடச் சீடர் மூத்தவர். சென்னையில் பாத்திரக்கடை நடத்தி, கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஞானம் தேடி வந்தவர். தலைக்குச் சாயம் பூசுவதை மட்டும் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

மற்றச் சீடர்களுக்கு அம்மா மந்திரம் கொடுத்தார். சுயம்புக்கு வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

"பங்குனி உத்திரம் வருது," என்றார் சுயம்பு. "சாஸ்தா கோயில்ல பேரனுக்குக் காதுகுத்து. சோறு எங்க வீட்டுப் பொறுப்பு. போன வருஷம் பேத்திக்குக் காது குத்தினப்போ என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். கோயில் தேரிக்கு நடுவே இருக்கிறது. தேரி என்பது மண்ணா மணலா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. டயர்களிடையே இல்லை. போன வருஷம் வண்டி அந்தச் செம்மணலில் புதைந்தது. சோறு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, விருந்தாளிகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

சுயம்புவின் சம்பந்தி தவசிமுத்து அன்று முதல் போகிற கல்யாணத்தில் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவருகிறார். பந்தியில் சோறு வரத் தாமதமானால் இன்னும் விரிவாகச் சொல்வார்.

"இந்த வருஷமும் புதைஞ்சா என் மக அந்த வீட்ல எப்படி நிமிந்து நடப்பா? வண்டி கோயில் வாசலைத் தொட்டுட்டா மொட்டை போடுதேன்னு சாஸ்தாவுக்கு நேந்திருக்கேன்."

அம்மா அவர் தலையைப் பார்த்தார். கரேலென்று இருந்தது.

"பெரிய நேர்ச்சைதான்," என்றார்.

"டயரைப் பெருசா மாத்தினா போயிரலாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மா எண்ணெயிலிருந்து ஒரு பூரியை எடுத்தார். பந்துபோல உப்பியிருந்தது. தட்டில் வைத்ததும் நிலைகொள்ளாமல் இப்படியும் அப்படியும் உருண்டது.

ஒரு விரலால் அதன் நடுவில் குத்தினார்.

புஸ்ஸென்று ஆவி வெளியேறியது. பூரி தட்டோடு தட்டாகப் படிந்தது.

"சாப்பிடுங்க, அண்ணாச்சி."

சுயம்பு சாப்பிட்டார்.

"அப்போ மாத்திரலாமா?"

"மாத்துங்க."

பூரி நன்றாக இருந்தது. அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்.

&nbsp;

திருநெல்வேலிக்குப் போய் டயர் வாங்கினார். டயருக்குத் தூய தமிழில் சொற்கள் உண்டு. ஆனால் அவற்றைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர்கள் வேறு கடையைக் காட்டுவார்கள். சுயம்பு டயர் என்றே கேட்டார். "இருக்கதுலயே பெருசு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெரிய டயர் மாட்டினால் அதோடு வேலை முடிவதில்லை.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது டயர் மட்கார்டில் உரசியது. மட்கார்டின் உள்விளிம்பை வெட்டினார். மேடு பள்ளத்தில் இறங்கினால் மேலே இடித்தது. வண்டியைத் தூக்கிக் கட்டினார். ஸ்டெப்னி பழைய இடத்தில் அடங்கவில்லை. அதைப் பின்னால் ஏற்றினார். ஒரு அண்டா வைக்கிற இடம் போயிற்று.

இன்னொன்றும் நடந்தது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போய்விடும். வேகமானிக்கு அது தெரியாது. அது பழைய கணக்கிலேயே இருக்கும். ஆகவே வண்டி எவ்வளவு விரைந்தாலும், முள் அதைக் கொஞ்சம் குறைத்தே சொன்னது. அந்த மடத்தில் அடக்கம் முதலில் கைகூடியது அந்த முள்ளுக்குத்தான்.

கடைசியாகச் சுயம்பு காற்று அடித்தார். டயர் விண்ணென்று தெறிக்கும்வரை அடித்தார். தட்டிப் பார்த்தார். உடுக்கைபோல ஒலித்தது. அந்த ஒலி மிகவும் பிடித்துப்போய், இன்னும் கொஞ்சம் அடித்தார்.

&nbsp;

பங்குனி உத்திரத்தன்று சோறு, சாம்பார், பாயசம் எல்லாம் அண்டா அண்டாவாக ஏறின. தவசிமுத்து முன்னதாகவே மடத்துக்கு வந்துவிட்டார்.

"சம்பந்தி, இது டயரா, தேர்ச் சக்கரமா வே?"

"ஏறிப் பாரும், தெரியும்."

"ஏறத்தான் ஏணி தேடுதேன்."

பாக்கியத்தம்மாவும் ஏற முடியாமல் நின்றார். அடுப்படியிலிருந்து முக்காலி வந்தது. அதில் கால் வைத்து ஏறி, முக்காலியையும் மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"நீங்களும் முன்னால வாங்க, சம்பந்தி," என்றார் சுயம்பு.

"வேண்டாம்வே. நான் சோத்தோடயே வாரேன். அதைப் பிரிஞ்சா என்ன ஆகும்னு போன வருஷமே பாத்தாச்சு."

வண்டி தேரிக்குள் இறங்கியது. முதல் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. சுயம்பு ஹாரன் அடித்தார். தேரியில் அதைக் கேட்க உடைமரங்களைத் தவிர யாரும் இல்லை.

"பாத்தீரா சம்பந்தி!"

"பாத்தேன்வே! பாயசம் சட்டையில ஊத்திட்டு!"

இரண்டாவது மேட்டின் பாதியில் வண்டி திணறியது. சுயம்பு ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தார். செம்மணல் பின்னால் பறந்தது. வண்டி முன்னால் போவதற்குப் பதிலாகக் கீழே போயிற்று.

இறங்கிப் பார்த்தார். சின்ன டயர் சின்னக் குழி தோண்டும். பெரிய டயர் தன் தகுதிக்கேற்பத் தோண்டியிருந்தது.

தவசிமுத்து மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"போன வருஷத்தைவிட ஆழம்வே. முன்னேற்றந்தான்."

தூரத்தில் கோயில் மேளம் கேட்டது. சுயம்புவின் போன் அடித்தது. மகள் பூங்கனி.

"அப்பா, எங்க இருக்கிய? ஆசாரி வந்தாச்சு. ஊரே வந்தாச்சு. மாமியார் வேற வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்காவ..."

"பக்கத்துல வந்துட்டேன்மா."

"போன வருஷமும் இதத்தான் சொன்னிய."

போனை வைத்தார். முகம் டயரைவிடக் கறுத்திருந்தது. வண்டியின் முன்பக்கம் வந்து நின்றார்.

"அம்மா! ஏதாவது வழி சொல்லுங்க!"

பாக்கியத்தம்மா முக்காலியைக் கட்டிப்பிடித்தபடி தேரியை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பூரி எப்படி இருந்துச்சு?"

"வண்டி புதையுது! நீங்க பூரியைக் கேக்கிய!"

"நல்லா இருந்துச்சான்னுதான கேட்டேன்."

"நல்லா உப்பி..."

சுயம்பு நிறுத்தினார்.

டயரைப் பார்த்தார். குழிக்குள்ளும் கொஞ்சமும் படியாமல், உருண்டையாக, விறைப்பாக நின்றது. குனிந்து அதன்மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினார். அழுந்தவில்லை.

நிமிர்ந்தார்.

"அம்மா, அந்தக் கொண்டை ஊசியைக் கொஞ்சம் கொடுங்க."

அம்மா உருவிக் கொடுத்தார். கொண்டை அவிழ்ந்து தேரிக்காற்றில் பறந்தது.

சுயம்பு வால்வு மூடியைத் திருகி எடுத்தார். ஊசி முனையால் உள்ளே அழுத்தினார்.

புஸ்ஸ்ஸ்...

தவசிமுத்து அண்டாக்களுக்கு நடுவே துள்ளி எழுந்தார்.

"யம்மா! சம்பந்திக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு! இருக்க காத்தையும் புடுங்குதாரு!"

"இருக்கட்டும்வே!"

"என்னத்த இருக்கட்டும்! காத்துதான் போகுதே!"

"போகட்டும்வே!"

நான்கு டயரிலும் அழுத்தினார். ஒவ்வொன்றாகத் தொப்பையைத் தளர்த்திக்கொண்டு மணல்மேல் அகலமாக உட்கார்ந்தன. மூன்றாவது டயரின்போது சுயம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்காவதின்போது அடக்க முடியவில்லை. மணலில் முழங்காலிட்டு, ஊசியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஏன் என்று தெரியாமலே தவசிமுத்துவும் சிரித்தார்.

சக்கரங்களுக்கு முன்னால் இருந்த மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, சுயம்பு வண்டியைக் கிளப்பினார். ஆக்சிலேட்டரில் கால் இருக்கிறதா இல்லையா என்பதுபோல வைத்தார்.

வண்டி குழியிலிருந்து மெல்ல எழுந்தது. சத்தமில்லாமல், மணலைத் தடவிக் கொடுப்பதுபோல ஊர்ந்து மேட்டில் ஏறியது.

ஹாரன் அடிக்க அவருக்கு நினைவு வரவில்லை.

&nbsp;

ஆசாரி ஊசியை எடுக்கும் நேரத்துக்கு வண்டி கோயில் வாசலைத் தொட்டது. பூங்கனி ஓடிவந்து அண்டாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, சோறு சூடா இருக்கு!"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. பிறகு மாமியார் இருக்கும் பக்கம் திரும்பி, உரக்க, இன்னொரு முறை சொன்னாள்.

பேரன் காது குத்தும்போது ஊரே கேட்க அழுதான். பாயசத்தை நாக்கில் தடவியதும் நிறுத்தினான். தவசிமுத்து மூன்றாம் தடவையாகப் பாயசம் வாங்கிக்கொண்டு தலையில் கைவைத்தார்.

"இனி கல்யாண வீட்ல நான் என்னத்தவே பேசுவேன்?"

"காத்தைப் புடுங்கின கதையைச் சொல்லும்."

"எவன் நம்புவான்!"

சுயம்பு மொட்டை போட்டுக்கொண்டார். சாயமும் முடியும் சேர்ந்தே விழுந்தன. தலை வெயிலில் பளபளத்தது. பேரன் அதைத் தட்டிப் பார்த்தான். ஒலி பிடித்துப்போய் மறுபடியும் தட்டினான்.

&nbsp;

திரும்பும்போது தேரி முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தில் சுயம்பு வண்டியை நிறுத்தினார்.

"அம்மா, இப்படியே ரோட்ல போனா டயர் நைஞ்சு போயிரும். காத்து அடிக்கணும்."

"அடிங்க. ரோட்டுக்கு வேணும்லா."

கால் பம்பை எடுத்து மிதித்தார். பெரிய டயர், லேசில் நிறையவில்லை. தவசிமுத்துவும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முறை மாற்றி மிதித்தார். சுயம்பு டயரைத் தட்டிப் பார்க்கவில்லை.

"அம்மா, எவ்வளவு அடிக்க?"

இத்தனை காலத்தில் இந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மா இறங்கிவந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"போதும்."

சுயம்பு கொண்டை ஊசியைத் துடைத்து நீட்டினார். அம்மாவின் கூந்தல் இன்னும் காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவர் அதை வெறுங்கையால் அள்ளி முடிந்துகொண்டார்.

"நீங்களே வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி."

தவசிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். சுயம்பு தம் மொட்டைத் தலையைத் தடவினார்.

"எனக்கு எதுக்கும்மா கொண்டை ஊசி?"

அம்மா முக்காலியில் கால் வைத்து வண்டியில் ஏறினார்.

"தலைக்குன்னு யாரு சொன்னா?"