கிடக்கிற கல்

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சென்றாயனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கேயாவது பழைய கல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்வட்டம், கல்திட்டை, குத்துக்கல், எதுவானாலும் சரி. சுற்றிவந்து, டேப் பிடித்து அளந்து, செல்போனில் படம் எடுத்து, கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து நின்றுவிட்டுத் திரும்புவார்.

"உசுரோட இருக்கறவங்க வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டாரு. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால செத்தவங்கன்னா மட்டும் ஓடுவாரு" என்பாள் அவர் மனைவி. நியாயமான பேச்சுதான்.

அவருடைய குரு சாமியம்மா. மலையடிவாரத்தில் ஷீட் போட்ட சின்ன மடம் அவருடையது. அறுந்த ஒயரைக் கட்ட அங்கே போன சென்றாயன், "அம்மா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். அந்தச் சந்தேகம் இன்னும் தீர்ந்தபாடில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மடத்தோடு ஒட்டிக்கொண்டார். சாமியம்மாவைவிட அவர் வயதில் மூத்தவர். அதனால் சாமியம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சீடனை அண்ணா என்று கூப்பிடுகிற குருவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒருநாள் மதியம், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்திட்டை இருக்கிறதென்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மொபெட்டை உதைக்கிற நேரத்தில் போன் வந்தது. பேசியது சென்றாயனின் அண்ணி.

"நாளைக்குக் காலையில மாமாவுக்குக் கல்லு நடறோம், தம்பி. கல்லு வந்து தலைமாட்டுல கிடக்குது. நீங்க வந்துடுங்க."

"உங்க வீட்டுக்காரரு எங்கே?"

"இங்கதான் பக்கத்துல நிக்கறாரு."

"ஏன், அவரு வாயில என்ன இருக்குது?"

சென்றாயன் போனை வைத்துவிட்டார்.

சென்றாயனின் அப்பன் செத்து வருசம் திரும்புகிறது. அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம். புதைத்த இடத்தில் வருசம் திரும்பும்போது தலைமாட்டில் கல் நட வேண்டும். பெற்ற பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கல்லில் கை வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒரு பிள்ளை வராவிட்டாலும் கல் படுத்தபடியே கிடக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும், இது யாரோ நாதியில்லாதவனுடைய குழி என்று பேசிக்கொண்டு போவார்கள்.

சாமியம்மா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் சென்றாயனுக்குத் தாங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு அண்ணன் வரலைங்கம்மா. பத்திரிகையை நான் நேர்ல வந்து வெக்கலையாம், பையன்கிட்டக் குடுத்து விட்டேனாம். எனக்கு லீவு கிடைக்கலை, நான் என்ன பண்றது? கூடப்பொறந்தவன் இல்லாம மணவறையில நின்னேன். வயிறு எரிஞ்சு போச்சுங்கம்மா."

"ம்."

"போயி அண்ணன் வாசல்ல நின்னு கத்தினேன். இனிமே இந்த வீட்டுல எவன் செத்தாலும் வரமாட்டேன்னு."

"வீட்டுல யாரெல்லாம் இருந்தாங்க?"

சென்றாயன் ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றினார்.

"அப்பன்தான் கட்டில்ல உக்காந்திருந்தாரு" என்றார்.

வண்டி மலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

கல்திட்டை ஒரு மேட்டில் இருந்தது. பாண்டவர் வீடு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்களாம். மூன்று பக்கமும் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரே கல்லைக் கூரையாகப் போட்டிருந்தார்கள். சுற்றிலும் குண்டுக் கற்கள் வட்டமாகப் புதைந்து கிடந்தன. உள்ளே ஆட்டுப் புழுக்கை. எவனோ ஒரு காதலன் சிவப்புப் பெயிண்டில் தன் பெயரையும் அவள் பெயரையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

சென்றாயன் கூரைக்கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே குனிந்து பார்த்தார். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளியும் பார்த்தார். அது அவரை மதிக்கவே இல்லை.

"எத்தனை கம்பம் நட்டிருக்கேன், எத்தனை டிரான்ஸ்பார்மர் ஏத்தியிருக்கேன். கிரேன் இல்லாம இதை யாரும் அசைக்க முடியாதுங்கம்மா. இதை எப்படித்தான் தூக்கி வெச்சாங்க?"

"தெரியலைங்களே, அண்ணா. எனக்குத் தாகமா இருக்குது."

சென்றாயனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்துக்கொண்டே குருவுக்குத் தண்ணீர் தேடிக் கிளம்பினார்.

மேட்டுக்குக் கீழே பஞ்சாயத்து போர்வெல் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரெல்லாம் மண்ணில் போய்க்கொண்டிருந்தது. ஆடுகள் குடிக்கிற கல்தொட்டி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரே ஆடு. சில ஆடுகள் சேற்றை நக்கின. குட்டிகள் கத்தின கத்தலைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

தொட்டிக்கு இந்தப் பக்கம் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் நின்றார். பெயர் பச்சையப்பன். அந்தப் பக்கம் சட்டை போடாத ஒருவர், காவேரி. அவர் இவரைப் பார்க்கவில்லை, இவர் அவரைப் பார்க்கவில்லை.

"டிராக்டர்காரன் ரிவர்ஸ் எடுக்கறேன்னு இடிச்சுத் தள்ளிட்டான் சார்" என்றார் பச்சையப்பன். "கரண்டு போறதுக்குள்ள நிமித்தணும். மூணு ஆளு இருந்தா நிமித்திடலாம்."

"அதான் மூணு பேர் இருக்கோமே?"

"ரெண்டு பேரு சார். அந்தாளை நான் ஆளுங்கற கணக்குல சேத்துக்கறதில்லை."

காவேரி தன் ஆட்டைப் பார்த்து, "ஏ வெள்ளச்சி, உன்னை எவனாச்சும் கேட்டானா? நீ சும்மா நில்லு" என்றார்.

விசாரித்ததில் விசயம் இதுதான். காவேரியின் கிடா முட்டி பச்சையப்பனின் கிடாவுக்குக் கொம்பு உடைந்துவிட்டது. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த ஒற்றைக்கொம்புக் கிடாவும் அதன் எதிரியும் அப்போது பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே சேற்றை நக்கிக்கொண்டிருந்தன.

"நல்லா இருக்குதுய்யா உங்க ஞாயம்!" என்றார் சென்றாயன். "வாயில்லாத சீவன் தண்ணிக்குக் கத்துது. ரெண்டு பேரும் வீம்பு புடிச்சிக்கிட்டு நிக்கறீங்க. ஒரு நிமிசம் அதையெல்லாம் ஒதுக்கி வெச்சா என்ன?"

பின்னாலேயே இறங்கிவந்து வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த சாமியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போர்வெல் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் குழாய் கிடந்தது. சென்றாயன் அதைத் தொட்டிக்கு அடியில் கொடுத்து நெம்பினார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தார்கள். இவர் தூக்கும்போது அவர் விட்டார். அவர் தூக்கும்போது இவர் மூச்சு வாங்கினார். தொட்டி சாண் உயரம் எழும்பி, தொம்மென்று மறுபடி விழுந்தது. சேறு சென்றாயனின் வேட்டியில் தெறித்தது.

"யாராவது ஒருத்தர் குரல் குடுங்கய்யா!"

"அவன் குரலுக்கு நான் தூக்கறதா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

"சரி, நான் குடுக்கறேன். என் குரலுக்குத் தூக்கறதுல யாருக்கும் கௌரவம் போயிடாதே? புடிங்க. ஐலசா!"

தொட்டி எழும்பியது.

"இன்னும் கொஞ்சம்! ஐலசா!"

பாதி நிமிர்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. அப்போதும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கவில்லை. பச்சையப்பன் காவேரியின் கையைப் பார்த்தார், காவேரி பச்சையப்பனின் கையைப் பார்த்தார். கல் சரிந்து உட்காரப்போகிற நேரத்தில் பச்சையப்பன் கத்தினார்:

"விரலு! டேய் காவேரி, விரலை எடுடா!"

காவேரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். தொட்டி திம்மென்று உட்கார்ந்தது. சென்றாயன் தண்ணீர்க் குழாயை அதன் பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் ஏற ஏற ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. கத்தல் நின்றுபோய், உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சென்றாயனுக்கு மனசு நிறைந்துவிட்டது.

குருவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பச்சையப்பன் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போனார். காவேரி மேற்கே போனார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"என்னங்கம்மா இது? ராசியாயிட்டாங்கன்னு இல்ல நினைச்சேன்?"

"எங்க ஆனாங்க?"

"ராசியாகாமலா தூக்கினாங்க?"

"ஆட்டுக்குத் தாகம். இவங்க ராசியாகற வரைக்கும் அதுங்க பொறுக்குமா?"

சென்றாயன் மேட்டைப் பார்த்தார். வெயில் இறங்கியிருந்தது. கூரைக்கல்லின் நிழல் வட்டத்தைத் தாண்டி நீண்டு கிடந்தது.

"அதைத் தூக்கினவங்களுக்குள்ளேயும் சண்டை இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

"மனுசங்கதானே, அண்ணா. பத்திரிகை வெக்கலைன்னு இல்லாட்டியும் வேற ஏதாச்சும் இருந்திருக்கும்."

சென்றாயன் மொபெட்டை நோக்கி நடந்தார். டேப் பையிலேயே கிடந்தது. அளக்கவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. அவர் அப்படித் திரும்பியது அதுவே முதல் தடவை.

திரும்பி வருகிற வழியில் தார் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் மடம். வலது பக்கம் போனால் சென்றாயனின் அண்ணன் வீடு இருக்கிற ஊர். அந்த இடத்தில் மொபெட் நின்றது. பெட்ரோல் இருந்தது, எஞ்சினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சென்றாயன் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

சாமியம்மா இறங்கித் தன் பையை எடுத்துக்கொண்டார்.

"அப்பன் செத்தப்ப ஆள் வந்து சொன்னாங்கம்மா" என்றார் சென்றாயன். "போகலைன்னுதான் எல்லாரும் நினைச்சிக்கிட்டிருக்காங்க. நான் போனேன். ஏரிக்கரை டிரான்ஸ்பார்மர் மறைவுல நின்னேன். பாடை என்னைத் தாண்டித்தான் போச்சு. அண்ணன் ஒருத்தனே முன்னால சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனான். அப்ப ஓடிப்போயிருக்கணும். காலு வரலை. எவன் செத்தாலும் வரமாட்டேன்னு சொன்னவன்தானேன்னு யாராச்சும் கேட்டுட்டா?"

அவர் எஞ்சினை அணைத்தார்.

"அண்ணன் மேல கோவம்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அப்பன் காதுபடச் சொல்லிட்டேனே, அதுதான் என்னைத் தின்னுது. இப்ப நான் எந்த மூஞ்சியோட அங்கே போய் நிக்கறது?"

சாமியம்மா அவருடைய கைகளைப் பார்த்தார். தொட்டிச் சேறு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூஞ்சியை யாரு கேட்டாங்க, அண்ணா? கைதானே கேட்டாங்க."